சிமிழுள் அடைபட்ட கோப்பி

புதிய பொருளொன்று நாட்டுக்குள் வரும்போது அதற்குத் தக்க பெயர் தேடுவது தமிழாசிரியனுக்கு இயல்பாகவே அமைந்த தொழில். ஒரு கோப்பைக்கு வேண்டிய கோப்பித்தூளை மாத்திரம் அளந்து, காற்றுப் புகாவண்ணம் ஒரு சிறு கலத்தில் அடைத்து விற்கின்றனர் மேல்நாட்டார். அதனைப் பொறியினுள் இட்டுப் பொத்தானை அழுத்தினால் ஒரு நிமிடத்துக்குள் கோப்பி கோப்பையில் வந்து நிறைகின்றது. இக்கலத்தைக் 'குளிகை' என்பார் சிலர். குளிகை விழுங்கப்படுவது, இதுவோ துளைக்கப்பட்டு எறியப்படுவது. ஆதலின் அப்பெயர் பொருந்தாது. வடிவாலும் அளவாலும் இது நம் பெண்மக்கள் குங்குமம் இட்டு வைக்கும் சிமிழையே ஒத்திருப்பதால், இதனைக் 'கோப்பிச் சிமிழ்' என்றே ஈண்டு வழங்குவேன். குங்குமச் சிமிழ் ஒரு தலைமுறைக்கு உழைக்கும். கோப்பிச் சிமிழின் ஆயுள் ஒரு கோப்பையோடு முடிந்துவிடும். இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமை அஃதொன்றே.

திருகோணமலையில் இருந்துகொண்டு இப்பொருளைப் பற்றி எழுதவேண்டிய தேவை யாது என்று நேயர்கள் வினவக்கூடும். உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகளில் உள்ள விடுதிகளுக்கு மட்டும் உரியதாக இருந்த இப்பொறி, இப்பொழுது நகரத்து வீடுகளுள்ளும் புகத் தொடங்கியுள்ளது. இலண்டனிலும் பாரிசிலும் தொரொன்டோவிலும் வாழும் பிள்ளைகள், ஊரில் தனித்திருக்கும் தாய் தந்தையர்க்கு அன்பின் அடையாளமாக இதனை அனுப்புகின்றனர். வந்த பொருளை வைத்திருப்பதா, மூடிக் கட்டி மேற்றட்டில் ஏற்றுவதா என்று என்னிடம் வினவியவர்கள் மூவர். அவர்களுக்குத் தனித்தனியே கூறியவற்றை ஒருங்கு சேர்த்து எழுதுகின்றேன்.

முதற்கண் இதன் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். நெஸ்லே நிறுவனத்தில் பணியாற்றிய எரிக் ஃபாவ்ர் என்னும் சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர், உரோமாபுரிக் கோப்பிக் கடைகளில் கண்ட முறையை வீட்டுக்குக் கொண்டுவர முயன்றார். அதற்குரிய முதற் காப்புரிமை 1976 ஆம் ஆண்டுக்குரியது. பத்தாண்டு கழித்து, 1986 இல், நெஸ்பிரெசோ என்னும் பெயரால் வணிகம் தொடங்கிற்று. அமெரிக்காவில் கியூரிக் என்னும் நிறுவனம் 1998 இல் பிளாஸ்ரிக்குச் சிமிழ்களை முதலில் அலுவலகங்களுக்கும் பின்னர் வீடுகளுக்கும் பரப்பிற்று. நெஸ்பிரெசோச் சிமிழ் அலுமினியத்தால் ஆயது. அதனுள் 5 முதல் 6 கிராம் வரை தூள் இருக்கும். பொறி அதனைத் துளைத்து, வெந்நீரை மிக்க அழுத்தத்தோடு தூளினூடே செலுத்துகின்றது. செய்கை அவ்வளவே.

கோப்பி நமக்கு அயற்பொருள் அன்று. மலைநாட்டில் பிரித்தானியர் காலத்துப் பெருந்தோட்டங்கள் 1820களில் கம்பளைப் பகுதியில் தொடங்கின. அத்தோட்டங்களுக்காகவே தென்னிந்தியத் தமிழ் மக்கள் கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து மலையேறினர். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டவர் எண்ணற்றோர். கோப்பித் தோட்டச் செய்கையைப் பாடுபொருளாகக் கொண்டு ஆபிரகாம் ஜோசப் என்பார் இயற்றிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' யாழ்ப்பாணத்தில் அச்சேறியது 1869 இல். அதே ஆண்டிலேதான் கோப்பி இலைகளைத் தாக்கும் துருநோய் இந்நாட்டில் கண்டறியப்பட்டது. அதன் பின்னர் இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி பெரும்பாலும் அழிந்து, அவ்விடத்தைத் தேயிலை கைப்பற்றிற்று. தோட்டம் போயினும் சொல்லும் சுவையும் நம்மிடம் நின்றன. தமிழகத்தார் 'காப்பி' என, நாம் ஒல்லாந்தர் ஒலிப்பை ஒத்துக் 'கோப்பி' என்கின்றோம். அவர்கள் பாலும் சிக்கரியும் சேர்த்து வடிகட்டியில் இறக்குவர். நாமோ வேர்க்கொம்பும் மல்லியும் சேர்த்து இடித்து, வெறுங்கோப்பியாகச் சீனியோடோ பனங்கட்டியோடோ அருந்துகின்றோம்.

நிற்க. இனிச் சிமிழின் நலன்களைக் கூறுவேன். பழையதைப் போற்றும் ஆர்வத்தால் புதியதன் நலத்தை மறைத்தல் நடுவுநிலை ஆகாது.

முதலாவது நலம், தூள் கெடாமை. வறுத்து இடித்த கோப்பியின் மணம் காற்றுப் பட்டவுடன் குறையத் தொடங்கும். எம் நகரம் மூன்று புறமும் கடல் சூழ்ந்தது. உப்பங்காற்றிலும் ஈரத்திலும் போத்தலைத் திறந்து சில நாட்களில் தூள் கட்டிபடுவதை இல்லத்தரசியர் நன்கு அறிவர். சிமிழுள் அடைபட்ட தூள் மாதக்கணக்கில் மணம் மாறாது இருக்கும்.

இரண்டாவது, அளவு. ஒருவர்க்கு ஒரு கோப்பை வேண்டின் ஒரு கோப்பைக்குரிய தூளும் நீரும் மின்னுமே செலவாகும். கனடாவின் கியூபெக் மாகாணத்துப் பல்கலைக்கழக ஆய்வாளர் சிலர் 2023 இல் வெளியிட்ட ஒப்பீடொன்று பலரை வியப்பில் ஆழ்த்திற்று. வடிகட்டிப் பொறியில் தேவைக்கு மிஞ்சிய தூளும் நீரும் இட்டு, மிஞ்சியதைக் கொட்டும் வீட்டை நோக்க, சிமிழ் பயன்படுத்தும் வீடு சூழலுக்குச் செய்யும் தீங்கு குறைவாக இருக்கலாம் என்பது அவர்கள் கண்டது. ஏனெனில் கோப்பியினால் விளையும் தீங்கில் பெரும்பங்கு, அதனைப் பயிரிடுவதிலும் நீரைக் கொதிக்க வைப்பதிலும் உள்ளது. உறை ஒன்றே குற்றவாளி அன்று. எனினும் இவ்வாதம், மிஞ்சியதைக் கொட்டும் வீடுகளுக்கே பொருந்தும். மிஞ்சிய கோப்பியைச் சூடாக்கி மாலையில் அருந்தும் நம்மவர் வீடுகளுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை அவரவரே உய்த்துணர்க.

மூன்றாவது நலமே தலையாயது, நெருப்பு வேண்டாமை. 2021 ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையின் பல பாகங்களிலும் சமையல் வாயு அடுப்புகள் வெடித்த செய்தியை எவரும் மறந்திலர். அதன் பின்னர் தனித்து வாழும் முதியோர் பலர் அடுப்பைப் பற்றவைக்கவே அஞ்சினர். உவர்மலைப் பக்கத்தில் எண்பதைக் கடந்த மூதாட்டியார் ஒருவர் உளர். பிள்ளைகள் மூவரும் கடல் கடந்தவர்கள். அவருக்கோ கை நடுங்கும். இலண்டனிலுள்ள மகன் கொணர்ந்த பொறி அவர் வீட்டில் இருக்கின்றது. "தம்பி, விடியக் காலமை கொதிதண்ணி தூக்கிற பயம் இல்லை. எனக்கு இது பெரிய உதவி" என்று அவர் சொன்னார். இத்தகையார்க்கு இப்பொறி ஆடம்பரம் என்று கூறுவோர் அவர்தம் அடுக்களையுள் ஒருநாள் நின்று பார்த்தல் வேண்டும்.

இனித் தீங்குகளை நோக்குவோம்.

விலையை முதலில் எடுத்துக்கொள்ளுதல் தகும். ஒரு சிமிழுள் ஐந்தரைக் கிராம் எனக் கொண்டால், ஒரு கிலோ தூளுக்கு ஏறத்தாழ 180 சிமிழ்கள் வேண்டும். ஆகவே ஒரு சிமிழின் விலையை 180 ஆற் பெருக்கிப் பார்க்க. வருவதே அத்தூளின் உண்மையான கிலோ விலை. கூட்டல் கழித்தல் அறிந்த சிறுவனும் செய்யத்தக்க இக்கணக்கைச் செய்து பார்த்த நண்பர் ஒருவர், நெடுநேரம் பேசாது இருந்தார். அன்றியும் ஒரு நிறுவனத்தின் பொறி மற்றொரு வகைச் சிமிழைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. பொறியை வாங்கியவன் சிமிழுக்கு வாழ்நாள் முழுதும் கட்டுப்பட்டவனாகின்றான்.

அடுத்தது மின்சாரம். கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டு மின்னழுத்தம் 120 வோல்ற்று. நம் நாட்டில் 230. அங்கு வாங்கிய பொறியை இங்கு அப்படியே செருகினால் கோப்பி வாராது, புகையே வரும். இதற்கேற்ற மின்மாற்றி பொறியினும் பாரமானது. இலண்டனிலோ ஐரோப்பாவிலோ அவுஸ்திரேலியாவிலோ வாங்கியதாயின் இவ்விடர் இல்லை. பொறி நன்றாக இருப்பினும் மின் இருத்தல் வேண்டுமே. 2022 மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்குப் 13 மணி நேரம் மின் தடைப்பட்டபோது, விறகடுப்பும் கேத்திலுமே நம்மைக் காத்தன. நீரும் ஒரு குறை. உலர்வலயத்துக் கிணற்று நீர் பல இடங்களில் வன்மை மிக்கது. அதன் சுண்ணப் படிவு பொறியின் நுண்குழாய்களை அடைக்கும். வடித்த நீரையே இடுதலும், காலந்தோறும் படிவு நீக்குதலும் தவிர்க்கவொண்ணாதவை.

மூன்றாவது, குப்பை. செருமனியின் ஹம்பேர்க் நகர ஆட்சியினர் 2016 இல், அரச பணத்தில் இத்தகைய சிமிழ்களை வாங்குதல் கூடாது என விதித்தனர். கியூரிக் சிமிழை ஆக்கியவருள் ஒருவரான ஜோன் சில்வன் என்பார், தாம் அதனை ஆக்கியதற்குச் சிற்சில வேளை வருந்துவதாக 2015 இல் வெளிப்படையாகக் கூறினார். அலுமினியத்தை உருக்கி மீட்டால், புதிதாக ஆக்கும் ஆற்றலில் இருபதில் ஒரு பங்கே செலவாகும் என்பது உண்மை. ஆயின் திரட்டினாலன்றோ மீட்கலாம்? சிமிழ்களைத் திரட்டும் ஏற்பாடு மேல்நாட்டு நகரங்களில் உண்டு. எங்கள் தெருக்களில் அத்தகையதொன்றை யான் கண்டிலேன். பிரெட்ரிக் கோட்டையிலிருந்து இறங்கி நகரத்துள் உலவும் புள்ளிமான்கள் குப்பையில் வாய் வைப்பதை நாளும் காண்கின்றோம். நம் கிழக்கு மாகாணத்து அம்பாறையில், பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்ரிக்கை உண்டு எட்டாண்டுகளில் ஏறத்தாழ இருபது யானைகள் இறந்தமை 2022 இல் உலகச் செய்தியாயிற்று. எறியும் பொருள் எங்கே போகும் என்று அறியாத ஊரில், எறிதற்கென்றே ஆக்கிய பொருளை வரவேற்குமுன் சற்றே நின்று எண்ணுதல் வேண்டும்.

இவ்விடத்தில் உண்மையொன்றை மறைத்தல் தகாது. சிமிழ் எம்மூரில் இன்னும் செல்வர் வீட்டுப் பொருளே. தேநீர்க்கடை வாயிலில் சரஞ்சரமாகத் தொங்கும் சிறு பைக்கற்றுகளே ஏழையின் சிமிழ். கோப்பியும் சீனியும் பாற்பொடி போன்றதொரு மாவும் கலந்து, ஒரு கோப்பைக்கு ஒரு பைக்கற்று என்னும் அளவில் அவை விற்கப்படுகின்றன. அவற்றுள் கோப்பி சிறுபான்மை. சீனியும் மாவுமே பெரும்பான்மை. பிளாஸ்ரிக்கும் உலோகத் தாளும் ஒட்டிய அவ்வுறையைப் பிரித்து மீட்டல் சிமிழை மீட்பதினும் அரிது. சிமிழைப் பழிப்போர் இதனையும் சேர்த்தே பழித்தல் முறை.

எங்கள் ஒழுங்கையில் கோப்பி வறுத்து இடித்து விற்கும் அம்மையார் ஒருவர் இருக்கின்றார். போரிலே கணவரை இழந்து, இத்தொழிலாலேயே இரு பிள்ளைகளைப் படிப்பித்தவர். முன்னர் நாள்தோறும் வறுத்தவர் இப்பொழுது கிழமையில் இரு நாள் மாத்திரம் வறுக்கின்றார். அவர் வாடிக்கையைக் குறைத்தவை அந்தப் பைக்கற்றுகளே. அவரை இப்பொழுது தாங்குவோர் யார் எனின், விடுமுறைக்கு வந்து திரும்பும்போது இரண்டு மூன்று கிலோ தூளைக் கட்டுவித்துக் கொண்டுபோகும் புலம்பெயர்ந்த பிள்ளைகளே. அங்கிருந்து சிமிழ் இங்கு வர, இங்கிருந்து இடித்த தூள் அங்குப் போகின்றது. நாம் உள்ளூரில் இருந்துகொண்டே அவர் தூளை வாங்காதிருப்பின், அவர் உலக்கை ஓய்ந்துவிடும்.

இறுதியாக விருந்தைப் பற்றி ஒரு சொல். வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்த அறம் அது. பொறி ஒருவர்க்கு ஒரு கோப்பை தருவது. நம் வீடுகளில் கோப்பி பலர்க்கு ஒருங்கே வைக்கப்படுவது. செத்தவீட்டில் இராமுழுதும் விழித்திருப்போர்க்கு வேர்க்கொம்புக் கோப்பியைப் பெருங்கேத்திலில் அல்லவா கொண்டுவருகின்றோம்? முற்கூறிய உவர்மலை மூதாட்டியார் இதனை என்னினும் நன்றாகச் சொன்னார். "ஆரும் வந்தால் நான் அடுப்பைத்தான் மூட்டுறனான், தம்பி. இதிலை ஒண்டொண்டாக் குடுத்தால், கடைசி ஆளுக்குக் குடுக்க முந்தி முதல் ஆள் எழும்பிப் போயிடுவார்." தனித்திருப்பார்க்கு ஆளில்லாமையே பெரும் நோய். வந்த ஒருவர் இன்னும் கால்மணி நேரம் இருப்பதற்காகக் கை நடுங்க நடுங்க அடுப்பு மூட்டும் அவர் பொறியின் எல்லையை அறிந்தவர்.

என் முடிபு இது. முதியோரும் நோயாளரும் தனித்திருப்போரும் இப்பொறியை நாணமின்றி வைத்துக்கொள்க. நாலைந்து பேர் உள்ள குடும்பத்துக்கு இது வேண்டியதன்று. கேத்திலும் துணிவடியும் போதும். வைத்திருப்போர் பயன்படுத்திய சிமிழைக் கிழித்து, மண்டியைப் பூமரத்தடியில் இட்டு, அலுமினியத்தைக் கழுவி நசுக்கிச் சேர்த்துப் பழைய இரும்பு வாங்க வருபவரிடம் கொடுக்க. பலமுறை நிரப்பத்தக்க உருக்குச் சிமிழ்களும் கிடைக்கின்றன. உள்ளூர்த் தூளை அவற்றுள் இடலாம். ஆயின் மாப்போல் இடித்த தூள் துளையை அடைக்கும். சற்றுப் பரும்படியாக இடித்துத் தருமாறு கேட்டு வாங்குதல் வேண்டும்.

அனுப்பும் பிள்ளைகளுக்கும் ஒன்று கூறுவேன். மின்னழுத்தம் பார்த்து அனுப்புக. சிமிழ் தீரும் காலம் அறிந்து, கேளாமுன்னரே அடுத்த பெட்டியை அனுப்புக. இயலுமாயின் ஆண்டுக்கொரு முறையேனும் நேரில் வந்து, பெற்றவள் அடுப்பில் வைத்துத் தரும் கோப்பியை அவளருகில் அமர்ந்து அருந்திச் செல்க.