பழைய மில்லிங் மெஷினை நேராக்குவது எப்படி?

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள பிரிட்ஜ்போர்ட் நகரிலிருந்து 1938-ல் ஒரு மில்லிங் மெஷின் விற்பனைக்கு வந்தது. ஊரின் பெயரே மெஷினுக்கும் நிலைத்துவிட்டது. ரூடால்ஃப் பேனோ வடிவமைத்த இதில், கட்டரைச் சுழற்றும் தலைப்பகுதியைச் சாய்த்து நிறுத்தலாம். தொழிற்சாலைகள் கணினி இயக்கும் சிஎன்சி மெஷின்களுக்கு மாறியபின் இவற்றில் பல வீட்டுப் பட்டறைகளுக்கு வந்து சேர்ந்தன. சாய்கிற தலை என்றால், அதை நேராக நிறுத்துகிற வேலையும் நம் தலையில்தான்.

அதற்கு முன் டேபிளின் ஆட்டத்தை எடுக்க வேண்டும். டேபிள் நகரும் தடங்களுக்கு இடையே 'கிப்' என்ற ஆப்பு வடிவப் பட்டை இருக்கும். தேயத் தேய, அதன் திருகை முறுக்கி இடைவெளியை அடைக்கலாம். பழைய மெஷின் ஏமாற்றுவது இங்கேதான். வேலையெல்லாம் நடுவிலேயே நடப்பதால் தடமும் நடுவில்தான் அதிகம் தேய்ந்திருக்கும். அங்கே இறுக்கமாக வைத்தால் ஓரங்களில் டேபிள் சிக்கிக்கொள்ளும். ஓரத்தில் தடையில்லாமல் நகரும் அளவுக்கே இறுக்க வேண்டும். நடுவில் மிஞ்சும் ஆட்டத்துக்கு, வெட்டும்போது நகர வேண்டாத திசையில் டேபிளைப் பூட்டிவிடுவதே வழி.

அடுத்தது தலை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கட்டர் மாட்டும் சுழல்தண்டான ஸ்பிண்டிலில் கம்பி மாட்டி, முனையில் டயல் கேஜைக் கட்டி, டேபிள் மேல் கையால் சுற்ற வேண்டும். 300 மி.மீ. விட்டத்தில் சுற்றும்போது இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் 0.06 மி.மீ. வேறுபடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன்தான். ஆனால் 50 மி.மீ. கட்டரை முன்பின்னாக ஓட்டினால், அடுத்தடுத்த ஓட்டங்களுக்கு இடையே 0.01 மி.மீ. படி விழும், நகத்தால் வருடினாலே தட்டுப்படும்.

திருத்தும்போது வேறுபாட்டில் பாதியளவுக்கே தலையை நகர்த்த வேண்டும். ஒரு பக்கம் 0.03 இறங்கினால் மறுபக்கம் 0.03 ஏறிவிடும். போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். இறுக்கும்போதே முள் நகரும் என்பதால், முழுதும் இறுக்கியபின் காட்டுவதே கணக்கு. முன்பின் சாய்வையும் இப்படியே சுற்றிப் பார்த்துத் திருத்த வேண்டும், ஆனால் அங்கே தலை சாயும் அச்சு ஸ்பிண்டிலுக்குப் பின்னால் இருப்பதால் பாதிக் கணக்கு பொருந்தாது. இவ்வளவு பாடு இருப்பதால்தான் அனுபவஸ்தர்கள் கூடியவரை தலையைத் தொடாமல், வேலைத்துண்டைச் சரித்துக் கட்டியே வேலையை முடிக்கப் பார்க்கிறார்கள்.

தலை நேரானபின், வேலைத்துண்டைப் பிடிக்கும் வைஸ். அதன் நகராத தாடையில் கேஜை வைத்து டேபிளை ஓட்டினால் கோணல் தெரிந்துவிடும்.

கைப்பிடித் திருகிலும் தேய்மானத்தால் ஆட்டம் இருக்கும். எப்போதும் ஒரே திசையில் திருப்பி வந்து நிறுத்தினால் அளவு கெடாது. ஆனால் கட்டரின் பல் செல்லும் திசையிலேயே வேலைத்துண்டையும் ஓட்டினால், ஆட்டம் உள்ள அளவுக்குக் கட்டர் டேபிளை வெடுக்கென்று இழுக்கும், பல்லே உடையலாம். பழைய மெஷினில் பல்லுக்கு எதிராக ஓட்டுவதே பாதுகாப்பு.