காற்றுள்ளபோதே சேமித்துக்கொள்

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் ஆரல்வாய்மொழியைக் கடந்ததும் முப்பந்தல் வருகிறது. சாலையோரத்தில் இசக்கியம்மன் கோயில். அதற்கு அப்பால் கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை வெண்ணிறக் காற்றாலைகள். பணகுடி, காவல்கிணறு, இராதாபுரம் என்று திருநெல்வேலி மாவட்டத்திற்குள்ளும் அவை பரவி நிற்கின்றன. முப்பந்தல் பகுதியின் நிறுவுதிறன் ஏறத்தாழ 1,500 மெகாவாட். இராஜஸ்தானின் ஜெய்சல்மேர் காற்றாலைப் பூங்காவுடன் சேர்த்து, நாட்டின் மிகப்பெரிய காற்றாலைத் தொகுப்புகளுள் ஒன்றாக இது எண்ணப்படுகிறது.

இவ்விடத்தில் இத்தனை ஆலைகள் அமைந்ததற்கு மலையே காரணம். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதுகிறது. மலைத்தொடரில் இடைவெளி உள்ள இடங்களில் அக்காற்று நெருக்குண்டு, விரைவு கூடி வெளியேறுகிறது. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய கணவாய்கள் தமிழகத்தின் காற்று வாசல்களாக விளங்குவது இதனால்தான். காற்றின் வேகம் இருமடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகிறது. ஆகவே, வேகத்தில் காணும் சிறு வேறுபாடும் வருவாயில் பெரும் வேறுபாடாக மாறிவிடுகிறது.

தொடங்கிய கதை

1986ஆம் ஆண்டில் தமிழகம், குஜராத், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களின் கடலோரப் பகுதிகளில் 55 கிலோவாட் திறனுள்ள சிறு காற்றாலைகள் செயல்விளக்கமாக நிறுவப்பட்டன. மறு ஆண்டில் இத்துறைக்குக் கடன் வழங்குவதற்கென்றே இந்தியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் மேம்பாட்டு முகமை தொடங்கப்பட்டது. 1990களில் தனியார் முதலீடு பெருகியது. கோவை, திருப்பூர் பகுதி நூற்பாலைகள் தங்கள் மின்தேவைக்காகத் தென்மாவட்டங்களில் காற்றாலைகளை நிறுவின. ஆலை ஓரிடத்தில், மின்சாரம் பிறக்கும் இடம் வேறோரிடம். இரண்டையும் மின்வாரியத்தின் கம்பிகள் இணைத்தன.

அக்காலத்தில் முதலீட்டாளரை ஈர்த்தது காற்று மட்டுமன்று. வருமான வரிச் சட்டத்தின் விரைவுத் தேய்மானச் சலுகையும் ஆகும். ஒரு காலத்தில் இயந்திரத்தின் முழு மதிப்பையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ள முடிந்தது. பின்னர் அது 80 விழுக்காடாகி, 2017 ஏப்ரல் முதல் 40 விழுக்காடாகக் குறைந்தது. 2009இல் உற்பத்தியான ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 காசு ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. வரிச் சலுகை இயந்திரத்தை வாங்கியவருக்குக் கிடைத்தது. ஊக்கத்தொகையோ அதை ஒழுங்காக ஓட்டியவருக்குக் கிடைத்தது. இவ்வேறுபாட்டைக் கடன் கொடுப்போர் நன்கு உணர்வர். 2017 பிப்ரவரியில் நடந்த முதல் தேசிய ஏலத்தில் யூனிட் ஒன்றின் விலை 3 ரூபாய் 46 காசுக்கு இறங்கியது. அன்று முதல் இத்தொழில் சலுகையை நம்பாமல் திறனை நம்பி நிற்க வேண்டியதாயிற்று. 2025இல் நாட்டின் மொத்தக் காற்றாலைத் திறன் 50,000 மெகாவாட்டைத் தாண்டியது.

ஓர் ஆலை இயங்கும் விதம்

கோபுரத்தின் உச்சியிலுள்ள அறைக்குள் மின்னாக்கியும் அதனைச் சார்ந்த கருவிகளும் உள்ளன. காற்றின் திசையறிந்து அவ்வறையே திரும்பிக்கொள்கிறது. காற்று நொடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர் வேகத்தை எட்டியதும் உற்பத்தி தொடங்கும். 25 மீட்டரை நெருங்கினால், பாதுகாப்பு கருதி இறக்கைகள் தம்மைத் திருப்பிக்கொண்டு ஆலை தானே நின்றுவிடும். புயல் வீசும் நாளில் காற்றாலை நிற்பது பழுதன்று, முன்னெச்சரிக்கை. பிறக்கும் மின்சாரம் மின்மாற்றியால் 33 கிலோவோல்ட்டாக உயர்த்தப்பட்டு, துணைமின் நிலையம் சென்று, மேலும் உயர்த்தப்பட்டு மாநில மின்தொகுப்பில் கலக்கிறது.

2 மெகாவாட் ஆலை என்றால் எந்நேரமும் 2 மெகாவாட் கிடைக்கும் என்று பொருளில்லை. ஆண்டு முழுவதும் முழுத்திறனில் ஓடினால் கிடைக்கக்கூடிய அளவில் 30 விழுக்காடு உண்மையில் கிடைப்பதாகக் கொள்வோம். அப்போது ஆண்டு உற்பத்தி ஏறத்தாழ 52 இலட்சத்து 56 ஆயிரம் யூனிட் ஆகும். இந்த விழுக்காட்டில் ஒரு புள்ளி கூடினாலும் குறைந்தாலும் 1,75,200 யூனிட் மாறிவிடும். திட்ட அறிக்கையில் வாடிக்கையாளர் முதலில் பார்க்க வேண்டிய எண் இதுவே.

மின்சாரத்திற்கு ஒரு வங்கிக் கணக்கு

தமிழகத்தில் காற்றாலை உற்பத்தியின் பெரும்பகுதி மே முதல் செப்டம்பர் வரையிலான ஐந்து மாதங்களில் கிடைத்துவிடுகிறது. நூற்பாலைக்கோ ஆண்டு முழுவதும் மின்சாரம் தேவை. இவ்விடைவெளியை நிரப்பத் தோன்றிய ஏற்பாட்டிற்கு 'பேங்கிங்' என்றே பெயர். காற்றுக்காலத்தில் மிகுதியாகும் யூனிட்டுகளை மின்வாரியத்தின் கணக்கில் வரவு வைத்து, காற்றில்லாத மாதங்களில் எடுத்துக்கொள்ளலாம்.

நம் சேமிப்புக் கணக்குடன் இதை ஒப்பிட்டால் இரண்டு வேறுபாடுகள் தெரியும். இங்கே வட்டி கிடையாது. மாறாக, சேமித்த யூனிட்டுகளில் ஒரு பகுதி கட்டணமாகக் கழிக்கப்படும். நிதியாண்டு முடியும்போது எடுக்காமல் நிற்கும் யூனிட்டுகள் அடுத்த ஆண்டுக்குச் செல்லா. அவற்றுக்குக் குறைந்த விலையே கிடைக்கும். பிற்காலத்தில் நிறுவப்பட்ட ஆலைகளுக்கு இவ்வசதி சுருக்கப்பட்டதால், முதலீட்டின் கணக்கே மாறிவிட்டது.

மின்வாரியத்தின் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆடி மாதத்து நள்ளிரவில் தேவைக்கு மேல் வந்து குவியும் யூனிட்டும், பங்குனி மாதத்து மாலையில் தட்டுப்பாட்டின்போது திருப்பித் தர வேண்டிய யூனிட்டும் விலையில் ஒன்றல்ல. மின்தொகுப்பு தாங்காத வேளைகளில், காற்று வீசும்போதே ஆலையை நிறுத்துமாறு உற்பத்தியாளர்களுக்கு ஆணை வந்த காலமும் இருந்தது. 2013ஆம் ஆண்டின் கடைசி நாளில் ராய்ச்சூர் – சோலாப்பூர் உயரழுத்தப் பாதை தென்னகத் தொகுப்பைத் தேசியத் தொகுப்புடன் இணைத்தது. மிகுதியை வெளிமாநிலங்களுக்கு அனுப்ப வழி பிறந்தது.

கடன் தருபவர் கேட்கும் கேள்விகள்

காற்றாலைக்கு எரிபொருள் செலவில்லை. செலவின் பெரும்பகுதி தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. ஆகவே இது முதலுக்கும் வட்டிக்கும் இடையே நடக்கும் தொழில் எனலாம். விண்ணப்பத்தை ஆராயும் வங்கி அதிகாரி கேட்பவை சிலவே.

முதலாவது, காற்றின் சான்று. அளவீட்டுக் கோபுரத்தில் குறைந்தது ஓராண்டு பதிவான விவரம் வேண்டும். சராசரி உற்பத்தியை மட்டும் நம்பாமல், பத்தில் ஒன்பது ஆண்டுகளிலாவது எட்டக்கூடிய அளவைக் கொண்டே தவணை செலுத்தும் ஆற்றலைக் கணிக்க வேண்டும்.

இரண்டாவது, மின்சாரத்தை வாங்குபவர் யார், எப்போது பணம் தருவார் என்பது. பகிர்மான நிறுவனங்களின் நிலுவையால் நல்ல ஆலைகளும் தவணை தவறியதுண்டு. 2022இல் மத்திய அரசு கொண்டுவந்த தாமதக் கட்டண விதிகள் இந்நிலையைச் சீர்செய்யும் முயற்சியாகும்.

மூன்றாவது, தவணையின் அமைப்பு. மாதந்தோறும் சமத் தவணை என்பது சம்பளக்காரருக்குப் பொருந்தும். காற்றாலைக்குக் காற்றுக்காலத்தில் கூடுதலாகவும் ஏனைய மாதங்களில் குறைவாகவும் தவணை வகுப்பதே முறை. இயலாதெனில், ஆறு மாதத் தவணைக்கு ஈடான தொகையைக் காற்றுக்காலத்திலேயே தனிக் கணக்கில் ஒதுக்கிவிட வேண்டும்.

ரிசர்வ் வங்கியின் முன்னுரிமைக் கடன் நெறிமுறைகளின்படி, 2025 ஏப்ரல் முதல் காற்றாலை உள்ளிட்ட புதுப்பிக்கத்தக்க ஆற்றல் திட்டங்களுக்கு ஒருவருக்கு 35 கோடி ரூபாய் வரையிலான கடன் முன்னுரிமைப் பிரிவில் அடங்கும். தனிக் குடும்பங்களுக்கு இவ்வரம்பு 10 இலட்சம் ரூபாய்.

நிலம் வைத்திருப்போர் அறிய வேண்டியது

நம் வாடிக்கையாளர்களில் காற்றாலை நிறுவுவோரைவிட, அதற்கு நிலம் கொடுப்போரே மிகுதி. மானாவாரிப் புன்செய்க்கு எதிர்பாராத விலை கிடைக்கும்போது மனம் விற்பனையை நோக்கியே செல்லும். ஆனால் ஆலையின் அடித்தளம் நிலத்தில் சிறு பகுதியையே கொள்கிறது. சுற்றிலும் பயிர் செய்யலாம், ஆடு மாடு மேய்க்கலாம். எனவே குத்தகையையும் எண்ணிப் பார்ப்பது நல்லது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். குத்தகை காலந்தோறும் உயரும் வீதம், பாதையும் மின்கம்பியும் செல்லும் வழிக்கான இழப்பீடு, நீரோடைகள் மறிக்கப்படாமை, ஆயுள் முடிந்ததும் இயந்திரத்தையும் கான்கிரீட் அடித்தளத்தையும் அகற்றும் பொறுப்பு ஆகிய நான்கும் ஆவணத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். வாய்மொழி உறுதி, நிறுவனம் கைமாறும்போது காற்றோடு போய்விடும்.

இக்கடைசிப் பொறுப்பு இன்று வாசலுக்கே வந்துவிட்டது. 1990களில் நிறுவப்பட்ட ஆலைகள் தமது 20, 25 ஆண்டு ஆயுளைக் கடந்துவிட்டன. 225 கிலோவாட் திறனும் 30 மீட்டர் உயரமும் கொண்ட அவ்வியந்திரங்கள், கணவாயின் மிகச் சிறந்த இடங்களை இன்றும் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றை அகற்றி, 120 மீட்டருக்கு மேல் உயர்ந்த பெரிய ஆலைகளை நிறுவினால் அதே காற்றில் பன்மடங்கு மின்சாரம் கிடைக்கும். இதற்கென 2016இலும் 2023இலும் மத்திய அரசு கொள்கைகளை வெளியிட்டது. எனினும், ஒரு பெரிய ஆலைக்கு வேண்டிய இடைவெளிக்குள் பல சிறு உரிமையாளர்களின் நிலங்கள் அடங்கிவிடுகின்றன. அவர்கள் ஒன்றுகூடிப் பங்கு பிரித்துக்கொள்ளாமல் பணி நகராது. பழைய மின் ஒப்பந்தங்களும் சேமிப்புச் சலுகையும் புதிய ஆலைக்குத் தொடருமா என்ற ஐயமும் பலரைத் தயங்க வைக்கிறது.

ஆகவே பழைய ஆலை வைத்திருப்போர் ஆயுள் முடியும் நாள்வரை காத்திராமல், இன்றே அண்டை உரிமையாளர்களுடன் பேசுவதும், பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் சரிபார்த்துக்கொள்வதும், ஒவ்வொரு காற்றுக்கால வருவாயிலும் ஒரு பகுதியைப் புதுப்பிப்புக்கென வைப்புத்தொகையாக ஒதுக்குவதும் இன்றியமையாதவை. தூற்றிக்கொள்ளக் காற்று ஆண்டுதோறும் தவறாமல் வரும். களத்தை ஆயத்தமாக வைத்திருப்பதே நம் கையில் உள்ளது.