பூவின் மதுவும் போத்தல் நெக்டரும்

பொத்துவிலில் தரம் 10 தமிழ்ப் பாடம். செய்யுளில் வண்டு மது உண்டு மயங்குகிறது. பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பினான். "சேர், மது ஹராம்தானே? பூவுக்குள்ள எப்பிடி வந்திச்சி?" வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, நியாயமான கேள்வி.

மது வடமொழியிலிருந்து வந்த சொல். தேனும் அதுதான், கள்ளும் அதுதான். நம்முடைய பழைய நறவு, தேறல் என்பவற்றுக்கும் அதே இரட்டைப் பொருள். அரபியை எடுத்தாலும் இந்தக் கதைதான். சூரா அந்நஹ்லில் (16:69) தேனீயின் வயிற்றிலிருந்து வெளிவரும் பானத்துக்குப் பெயர் 'ஷராப்'. நோன்பு திறக்க நாம் குடிக்கிற சர்பத்தும், மருந்துக்கடைச் சிரப்பும் அதே வேரில் பிறந்தவை. ஆனால் உர்தூக்காரரிடம் ஷராப் கேட்டால் அவர் நம்மை ஒரு மாதிரிப் பார்ப்பார்!

ஆகவே பெயரை வைத்துப் பிரிக்க ஏலாது. பூவின் மது சுக்குரோசு, குளுக்கோசு, பிரற்றோசு கரைந்த சீனித்தண்ணீர். மகரந்தம் காவும் பூச்சிக்குச் செடி கொடுக்கும் கூலி. மதுவம் அதில் பெருகினால் சீனி அல்ககோலாகும். தேனீ முந்திக்கொள்கிறது. நொதியம் சேர்த்து, சிறகால் விசிறி, நீரை ஏறத்தாழ 18 வீதத்துக்குக் குறைத்து, மெழுகால் மூடிவிடுகிறது. அந்தச் செறிவில் மதுவத்துக்கு வாழ்வில்லை. தேனில் தண்ணீர் கலந்து வைத்துப் பாருங்கள், புளிக்கும். யெமனில் அப்படிச் செய்த 'பித்உ' பற்றிக் கேட்கப்பட்டபோது, போதை தரும் பானம் எதுவும் ஹராம் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். ஆயிஷா (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரியில் உண்டு. தேன் என்ற மூலத்தையோ பித்உ என்ற பெயரையோ அவர்கள் அளவுகோலாக்கவில்லை.

கித்துள் பூந்தண்டைச் சீவினால் வடிவது பூவின் மது அல்ல, மரத்தின் உரியச் சாறு. உடனே காய்ச்சினால் தயிருக்கு ஊற்றும் பாணி. விட்டுவைத்தால் கள்.

அடுத்த நாள் அதே பிள்ளை மாம்பழ நெக்டர் வெற்றுப் போத்தலோடு வந்தான். "இதில பூ எங்க சேர்?" கிரேக்கக் கதைகளில் தேவர்கள் குடித்த பானம் நெக்டர். தாவரவியலாளர் அந்தப் பெயரைப் பூவுக்குக் கொடுத்தனர், வியாபாரிகள் பழத்துக்குக் கொடுத்தனர். 2005ஆம் ஆண்டின் கோடெக்ஸ் சர்வதேச நியமப்படி மாம்பழ நெக்டரில் பழம் குறைந்தது 25 வீதம் இருந்தால் போதும். மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீரும் சீனியும்தான். மூடியைத் திறந்து மேசையில் மறந்துவிட்டால், மதுவம் அதையும் தேடி வரும்.