நாய் வண்டி போன பிறகு யாரிடம் முறையிடுவது?

மாநகராட்சியின் நாய் வண்டி தெருவுக்குள் நுழைந்தால் போதும், தெரு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். "அந்தச் செவலை நாயைப் பிடியுங்கள், என் பிள்ளையைக் கடித்தது அதுதான்" என்பார் ஒரு வீட்டார். "கடித்தது பக்கத்துத் தெரு நாய், இது வாயில்லாத பிராணி" என்பார் எதிர்வீட்டார். வண்டியில் வந்தவர் நீதிபதி அல்ல. உரக்கப் பேசுகிறவர் காட்டிய நாயின் மேல் வலை விழும். வண்டி போன பிறகு, பேச்சு எடுபடாமல் போனவர் எங்கே போய் முறையிடுவது?

பெங்களூரின் லைன் வீடுகளிலும் மும்பையின் சால்களிலும் குடியிருக்கும் நம்மவர்களுக்கு இது வீண் கேள்வி அல்ல. விடியற்காலை ஷிப்டுக்குக் கிளம்புகிறவரைத்தான் நாய் துரத்துகிறது. இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைப்பவரின் பசுவைத்தான் லாரியில் ஏற்றுகிறார்கள். மனுக் கொடுக்கலாம் என்றால், கன்னடத்திலோ மராத்தியிலோ எழுத வராது. எழுதித் தருகிறவருக்குக் காசு கொடுக்க வேண்டும், ஒரு நாள் கூலியும் போகும்.

மாட்டுக்குக் கிடைத்த நியாயம்

இந்த விஷயத்தில் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் ஒன்றை எடுத்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம், பட்டியில் அடைபட்ட மாட்டின் சொந்தக்காரருக்கு ஒரு வழியைத் திறந்து வைத்தது. தன் மாட்டை அநியாயமாகப் பிடித்தார்கள் என்று கருதினால், பிடித்த நாளிலிருந்து 10 நாளுக்குள் மாஜிஸ்திரேட்டிடம் அவர் புகார் செய்யலாம். எழுத்தில்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. வாயால் சொன்னாலும் போதும், மாஜிஸ்திரேட் அதன் சாரத்தை எழுதிக்கொள்ள வேண்டும். தானே போக முடியாதவர், விவரம் நேரில் அறிந்த ஒருவரை அனுப்பலாம். பிடித்தது தவறு என்று தெரிந்தால் கட்டிய அபராதமும் செலவும் திரும்பக் கிடைக்கும். அதற்கு மேல் 100 ரூபாய் வரை நஷ்ட ஈடும் உண்டு. அந்தக் காலத்து நூறு ரூபாய் என்ன பெறும் என்பதை வாசகர்களே கணக்குப் போட்டுக் கொள்ளலாம்.

சொந்தக்காரர் உள்ள நாய்க்கும் வழி இல்லாமல் இல்லை. ஆபத்தான பிராணியைக் கொல்லவோ அடைத்து வைக்கவோ உத்தரவிடும் அதிகாரம் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆவது பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அது புதிய சட்டத்தின் 152ஆவது பிரிவாகியிருக்கிறது. அந்த உத்தரவு முதலில் நிபந்தனை உத்தரவுதான். சொந்தக்காரர் ஆஜராகி, கூடாது என்று காரணம் சொல்லலாம். சாட்சியம் எடுக்க வேண்டும். அதுவரை ஆபத்து நேராதபடி தாற்காலிகமாகத் தடுத்து வைக்கவும் மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. தீர்ப்பு வேறு, தற்காப்பு வேறு என்ற பாகுபாடு அங்கே இருக்கிறது.

ஆனால் தெருநாய்க்குச் சொந்தக்காரர் கிடையாது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

அவசரத்தில் வரும் ஆணைகள்

2007இல் பெங்களூரில் அடுத்தடுத்து இரண்டு குழந்தைகள் தெருநாய்கள் தாக்கி இறந்தபோது, நகரமே கொதித்தது. கண்ட நாய்களை எல்லாம் கூட்டம் கூட்டமாகப் பிடித்தார்கள். எந்த நாய் கடித்தது, எது கடிக்கவில்லை என்று பார்க்க அப்போது யாருக்கும் பொறுமை இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த ஊரிடம் பொறுமையை எதிர்பார்ப்பதும் கஷ்டம்தான்.

2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம், டில்லி வட்டாரத் தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அதை மாற்றினார்கள். கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் கண்டவை, அந்தச் சந்தேகம் உள்ளவை, மூர்க்கமாக நடப்பவை மட்டும் விலக்கு என்றார்கள். நவம்பர் 7 அன்று, பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடித்தவற்றை அங்கேயே திரும்ப விடக்கூடாது என்று இன்னொரு ஆணை வந்தது.

மூர்க்கம் என்பதை முடிவு செய்வது யார்? ஆகஸ்ட் ஆணையில் அதற்கு விளக்கம் இல்லை. வெறிநோய்ச் சந்தேகம் என்றால், கால்நடை டாக்டர் ஒருவரும் பிராணிநல அமைப்பின் பிரதிநிதி ஒருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்ற ஏற்பாடு 2001ஆம் ஆண்டு விதிகளிலேயே இருந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கடிபட்டவரையோ, தினமும் சோறு வைக்கும் பாட்டியையோ அந்த இருவர் கேட்டாக வேண்டும் என்று இல்லை.

ஏழு பேர் குழு

2023இல் வந்த புதிய விதிகளின்படி, நாய்க்குச் சோறு போடும் இடம் பற்றித் தகராறு வந்தால் ஏழு பேர் கொண்ட குழு கூட வேண்டும். தலைமைக் கால்நடை அதிகாரி அல்லது அவர் அனுப்பும் ஆள் தலைவர். போலீஸ், பிராணி வதைத் தடுப்புச் சங்கம், கருத்தடை செய்யும் அமைப்பு, உள்ளாட்சியின் கால்நடை டாக்டர், குடியிருப்போர் சங்கம், இவர்களோடு புகார்தாரரும் ஓர் உறுப்பினர். புகார் கொடுத்தவரே தீர்ப்புச் சொல்லும் நாற்காலியிலும் உட்காருவது விசித்திரம். கடிபட்டவர் சங்கத்தில் இல்லாத வாடகைக் குடித்தனக்காரர் என்றால், அவரே புகார் கொடுத்தால் ஒழிய அவருக்கென்று இடமில்லை. குழுவின் முடிவு பிடிக்காவிட்டால் மாநில வாரியத்துக்கு அப்பீல் உண்டு. ஆனால் அதெல்லாம் சோறு வைக்கும் இடத்துக்குத்தான். நாயைப் பிடித்தது சரியா, பிடிக்காமல் விட்டது சரியா என்பதற்கு இப்படி ஒரு படி இல்லை.

அந்தப் படியை வார்டு அளவிலேயே கட்டலாம், பெரிய செலவில்லை. பிடித்துக் காப்பகம் போகும் நாய்க்கு எண் போட்ட கழுத்துப் பட்டை கட்ட வேண்டும் என்பது ஏற்கெனவே விதி. அந்த எண்ணையும் பிடித்த இடத்தையும் ஒரு சீட்டில் எழுதிப் புகார்தாரருக்கும் தெருவாருக்கும் கொடுத்தால், எந்த நாய் என்ற தகராறு பாதி தீர்ந்துவிடும். முறையீட்டுக்கு 10 நாள் கெடு வைப்பது பொருத்தம். சந்தேக நாயைக் கவனிப்பில் வைக்கும் காலமும் அதுதான். அதுவரை நாய் காப்பகத்தில் இருக்கட்டும். தெருவுக்கும் பயமில்லை, நாய்க்கும் அவசரத் தண்டனை இல்லை. முதல் உத்தரவு போட்ட அதிகாரியே மறுபடி விசாரிக்கக் கூடாது. காரணத்தை எழுத்தில் தர வேண்டும். வாய்மொழிப் புகாரை, சொல்பவரின் பாஷை தெரிந்தவரை வைத்து எழுதிக்கொள்ள வேண்டும். 1871இல் வாய்ப் புகாரை எழுதிக்கொள்ள முடிந்தது இன்று ஏன் முடியாது?

இந்த வாசல் கடிபட்டவருக்கும் திறந்திருப்பது அவசியம். மூன்று முறை சொல்லியும் வண்டி வரவில்லை என்றால், அந்த மறுப்பும் அப்பீலுக்கு உரிய உத்தரவுதான். விசாரணையை ஞாயிற்றுக்கிழமை வைத்தால் கூலி போகாது.

நஷ்ட ஈடு விஷயத்தில் சில கோர்ட்டுகள் முன்னே போயிருக்கின்றன. பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றம் 2023இல், நாய்க்கடியில் ஒவ்வொரு பல் தடத்துக்கும் குறைந்தது 10,000 ரூபாய் என்று கணக்கிட்டது. அப்படிக் கேட்க வேண்டுமானால் தஸ்தாவேஜு வேண்டும். கடிபட்டவர் முதலில் காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றே அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டில் "நாய்க்கடி" என்ற சொல்லும் தேதியும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்கிப் பத்திரப்படுத்தி வைப்பது நல்லது.