சுவரில் சைக்கிள், தோளில் காவடி

1860களின் தொடக்கத்தில் ஜான் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பினாங்கில் ஏறத்தாழப் பத்து மாதம் தங்கிப் படம் எடுத்தார். தோளில் கேமராவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடக்கூடிய காலம் அல்ல அது. கண்ணாடித் தகட்டில் கொலோடியனைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படம் பிடித்து, கையோடு இருட்டறைக்குள் கொண்டுபோய்க் கழுவ வேண்டும். புழுக்கம் மிகுந்த தீவில் ஒற்றை ஆளால் ஆகிற காரியம் இல்லை. சீனர்கள் இதைப் பேய் வேலை என்று ஒதுங்கிவிட்டதால், மெட்ராஸ்காரர் இருவரைப் பழக்கி, ரசாயன வேலையையும் படம் அச்சுப்போடும் வேலையையும் அவர்களிடம் விட்டதாகத் தாம்சனே தம் பயண நூலில் சொல்கிறார். உலகப் புகைப்பட வரலாற்றில் அவர் பெயர் நிலைத்துவிட்டது. வெள்ளி நைட்ரேட்டால் விரல் கறுத்திருக்கக்கூடிய அந்த இருவரோ அந்தக் குறிப்பில் வெறும் ‘மெட்ராஸ்காரர்கள்’.

அன்று முதல் இன்று வரை வெளிநாட்டுக்காரர்கள் இந்த ஊரைப் பற்றி எழுதியதும் வரைந்ததும் ஏராளம். ஓய்வுக்காலத்தைக் கழிக்க வந்தவர்கள், 2002இல் தொடங்கிய ‘மலேசியா என் இரண்டாவது இல்லம்’ திட்டத்தில் நீண்டகால விசா வாங்கியவர்கள், சில மாதம் தங்கலாம் என்று வந்து பல வருடம் தங்கிவிட்ட ஓவியர்கள் என்று பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் இவர்களுக்குக் குறைவே இல்லை. இவர்களுடைய குறிப்புகளில் கலை, கேமரா, சாப்பாடு, திருவிழா நான்கும் தவறாமல் வரும். இதைக் கேலி செய்வது சுலபம்; ஆனால் நியாயம் ஆகாது. கடைவீடுகளின் முன்னால் ஓடும் ‘காக்கி லீமா’ என்ற ஐந்தடி நடைபாதை உள்ளூர்க்காரருக்கு மழைக்கு ஒதுங்கும் இடம், அவ்வளவுதான். அதன் தரையோட்டில் இருக்கும் பூவேலையைக் குனிந்து பார்ப்பது பெரும்பாலும் வெளியூர்க் கண். பழகிய கண்ணுக்குத் தப்புவதைப் புதிய கண் பிடிக்கும் என்பதில் சந்தேகம் இல்லை. அப்படிப் பிடித்ததில் எது விட்டுப்போகிறது என்பதுதான் கேள்வி. தாம்சன் காலத்திலிருந்து இன்றைய மிஷெலின் உணவகக் கையேடு வரை விட்டுப்போவது ஒன்றே: காட்சிக்குப் பின்னால் இருக்கும் உழைப்பு. ஆகவே ஒருவர் உள்ளூரா, வெளியூரா என்று கேட்பதைவிட, இந்த ஊரைப் பார்த்தாரா அல்லது ஊரின் வேலையில் கைவைத்தாரா என்று கேட்பதே பினாங்கைப் புரிந்துகொள்ளப் பொருத்தமான வழி.

சுவரோவியத்திலிருந்து தொடங்கலாம். 2012இல் ஜார்ஜ் டவுன் விழாவுக்காக லிதுவேனியாக்காரர் எர்னஸ்ட் ஸக்கரேவிச் பழைய நகரின் சுவர்களில் சில படங்கள் வரைந்தார். ஆர்மீனியன் வீதியில் அக்காவும் தம்பியும் சைக்கிளில் போகும் படம் அவற்றில் புகழ்பெற்றது. பிள்ளைகள் வண்ணத்தில், சைக்கிள் மட்டும் நிஜமானது, சுவரோடு சேர்த்துப் பொருத்தியது. ஆ குவீ வீதியில் ஒரு பையன் இதேபோல் நிஜ மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருக்கிறான். பார்க்க வருகிறவர் சைக்கிளின் பின்னால் ஏறி உட்காரலாம், கைப்பிடியைத் தொடலாம். அவர் எடுத்துக்கொள்ளும் படத்தோடுதான் ஓவியம் முழுமையடைகிறது. கைபேசிக் கேமராக் காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான கலை இருக்க முடியாது. உள்ளூர்ப் பிள்ளைகளையே மாதிரியாகக் கொண்டார், காரை உதிர்ந்த சுவரை மறைக்காமல் அதையே படத்தின் பகுதியாக்கினார். ஸக்கரேவிச்சின் திறமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அதே தெருக்களில் இன்னொரு வகைக் கலையும் இருக்கிறது. மாநில அரசு 2009இல் நடத்திய போட்டியின் விளைவாக, உள்ளூர் கேலிச்சித்திரக்காரர்கள் வரைந்த 52 சித்திரங்கள் இரும்புக் கம்பியில் வளைக்கப்பட்டுச் சுவர்களில் ஏறின. ஒவ்வொன்றும் அந்தந்தத் தெருவின் தொழிலையோ வழக்கையோ வம்பையோ நையாண்டியாகச் சொல்லும். முந்திரி வீதி என்று தமிழ்க்காதில் விழும் முன்ட்ரி வீதியில் உள்ள கம்பிச்சித்திரம், செருப்பு வடிவமைப்பாளர் ஜிம்மி சூ தொழில் பழகிய இடத்தை அடையாளம் காட்டுகிறது. இவற்றை ரசிக்க வாசகத்தைப் படிக்க வேண்டும். தெருவின் கதை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். சைக்கிள் பிள்ளைகளை ரசிக்க எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கூட்டம் எங்கே சேர்ந்தது என்று சொல்லவே வேண்டாம். கலைஞர் எந்த நாட்டவர் என்பதற்கு இதில் பெரிய இடமில்லை. கேட்பதற்கு நேரம் எடுக்கும் ஊர் பின்னுக்குப் போய், பார்த்தவுடன் பிடிபடும் ஊர் முன்னுக்கு வந்துவிடுகிறது.

“அந்தப் படங்கள் வராவிட்டால் பழைய ஜார்ஜ் டவுன் பாழடைந்து போயிருக்கும், ஊரைக் காப்பாற்றியதே வெளிநாட்டார் ரசனைதான்” என்று சிலர் சொல்வார்கள். காலக்கணக்கு இதற்கு இடம் தரவில்லை. போருக்கு முன் கட்டிய கடைவீடுகளை இடிபடாமல் வைத்திருந்தது பல பத்தாண்டுகள் அமலில் இருந்த வாடகைக் கட்டுப்பாடு. வாடகையை ஏற்ற முடியாததால் கட்டடத்தை இடித்துக் கட்டுவதில் வீட்டுக்காரருக்கு லாபமில்லை. வாடகை குறைவாக இருந்ததால் தட்டான், பெட்டி செய்கிறவர், ஊதுபத்தி உருட்டுகிறவர், சொங்கோக் தொப்பி தைக்கிறவர் எல்லாரும் கடைக்கு மேலேயே குடியிருந்து பிழைத்தார்கள். பழுதுபார்க்காமல் வீடுகள் சிதைந்தன என்பதும் உண்மை. அந்தச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, 2000 பிறந்தபோது பாதுகாப்பு முற்றிலும் போனது. வாடகை ஏற, குடித்தனங்கள் வெளியேறின. யுனெஸ்கோ மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் உலக மரபிடமாக அறிவித்தது 2008 ஜூலை 7 அன்று. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, ஆசியாவின் பல பண்பாடுகள் இங்கே உயிரோடு வாழ்கின்றன என்பது. உயிர் மூட்டை கட்டத் தொடங்கி எட்டு வருடம் கழித்து அந்தச் சான்றிதழ் வந்தது. அதற்கும் நான்கு வருடம் கழித்து வந்தவை சுவரோவியங்கள். அவை பிழைத்த ஊரை அலங்கரித்தன. பிழைக்க வைத்தவை அல்ல. கடைவீடுகள் தங்கும் விடுதியாகவும் காப்பிக் கடையாகவும் மாறும் வேகத்தை அந்த ஓவியங்களின் புகழ் கூட்டியது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

சாப்பாட்டுக்கு வந்தால் இந்த வாதம் இன்னும் தெளிவாகிறது. பினாங்கு என்றாலே நாசி கண்டார். நாசி என்றால் மலாயில் சோறு. கண்டார் என்பது இரு முனையிலும் சுமை தொங்கும் தண்டு, நம் காவடியேதான். ஒரு பக்கம் சோற்றுப் பானை, மறுபக்கம் கறிப் பானை என்று தோளில் சுமந்து, துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றவர்கள் தமிழ் முஸ்லிம்கள். கடையநல்லூரிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த குடும்பங்களுக்கு இந்த ஊரோடு ஆழமான தொடர்பு உண்டு. வயிற்றுப்பாட்டுக்கு வந்தவர்கள் அவர்கள். கலை ரசிக்க வந்தவர்கள் அல்ல. கறியில் மலாய்க்காரர் நாக்குக்கு ஒன்று, சீனத் தொழிலாளிக்கு ஒன்று என்று வாடிக்கையைப் பார்த்து மாற்றிக்கொண்டே போனார்கள். பல குழம்புகளை ஒன்றாகச் சோற்றின்மேல் ஊற்றச் சொல்வதற்குப் ‘பஞ்சிர்’, அதாவது வெள்ளம், என்று பெயர். அந்தத் தட்டில் எது தமிழ், எது மலாய் என்று பிரித்துக் காட்ட யாராலும் முடியாது. மலாயில் கடைக்குக் ‘கெடாய்’ என்பதும், இந்தக் கடைக்காரர்களை ‘மாமாக்’ என்பதும் அதே கொடுக்கல் வாங்கலின் தடங்கள். ‘ரொட்டி பெங்காலி’ என்ற பினாங்கு ரொட்டியின் பெயர்கூட, பேக்கரியில் பங்கு வைத்திருந்த ‘பங்காளி’களால் வந்தது என்றொரு விளக்கம் சொல்லப்படுகிறது.

இந்த உணவுகளுக்கு இன்று உலகப் புகழ். மிஷெலின் கையேடு 2022 டிசம்பரில் முதன்முறையாகக் கோலாலம்பூரையும் பினாங்கையும் சேர்த்துக்கொண்டது. தெருக்கடைகளுக்கும் அதில் இடம் கிடைத்தது. பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் கையேடு தட்டைச் சொல்லும்; தட்டுக்குப் பின்னால் இரவு முழுக்க எரியும் அடுப்பையும், அடுத்த தலைமுறை அந்த அடுப்படிக்கு வர மறுப்பதையும் சொல்லாது. வெளியார் கண்ணுக்கு மட்டும் உள்ள குறையும் அல்ல இது. வெளிநாட்டவர் தெருக்கடைகளில் முதன்மைச் சமையற்காரராக நிற்கக்கூடாது என்று பினாங்கு மாநில அரசு 2014இல் அறிவித்து, 2016 தொடக்கத்திலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சுவை கெட்டுவிடக்கூடாது என்ற கவலை புரியாததல்ல. சுற்றுலாவையே நம்பிய ஊரில் ஒரு தட்டுச் ‘சார் குவே தியாவ்’ நூடுல்ஸ் கெட்டாலும் பெயர் கெடும். ஆனாலும் முரணைப் பாருங்கள். கடல் தாண்டி வந்த கூலிகளும் சில்லறை வியாபாரிகளும் உண்டாக்கிய உணவை, இன்று கடல் தாண்டி வரும் வங்கதேசத்து, மியன்மார்த் தொழிலாளியிடமிருந்து காக்கச் சட்டம் தேவைப்பட்டிருக்கிறது. பாத்திரம் கழுவலாம், காய் நறுக்கலாம், கரண்டி பிடிக்கக்கூடாது. ஊரைச் சட்டம்போட்ட படமாக மாற்றும் ஆசை சுற்றுலாப் பயணிக்கு மட்டும் உரியதல்ல. உள்ளூருக்கும் அது தொற்றும்.

“அப்படியானால் தமிழனும் இங்கே வெளியாள்தானே, பழைய வெளியாளைப் புகழ்ந்து புதிய வெளியாளைக் குறை சொல்வது என்ன நியாயம்?” என்ற கேள்வி இங்கே எழும். சரியான கேள்வி. பணக்கார நாட்டிலிருந்து வந்தால் எக்ஸ்பாட், ஏழை நாட்டிலிருந்து வந்தால் கூலி என்று உலகம் பெயர் வைத்திருப்பதே அநியாயம். மலேசிய அரசியலில் ‘பெண்டாத்தாங்’ என்ற சொல் நம்மவரைக் குத்தியிருக்கிறது. அதே வந்தேறிப் பட்டத்தை நாம் இன்னொருவர் மீது ஒட்டுவது முறையல்ல. என் அளவுகோல் வருகையின் தேதி அல்ல. 1786இல் பிரான்சிஸ் லைட் கொடி ஏற்றிய சில ஆண்டுகளிலேயே சோழமண்டலக் கரை வணிகர்களான சூலியாக்கள் இங்கே வேரூன்றிவிட்டார்கள். அவர்களின் தலைவர் காதிர் முகைதீன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியது கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். குயின் வீதியில் மகாமாரியம்மன் கோயில் 1833இல் எழுந்தது. தண்ணீர்மலைத் தைப்பூசத்துக்கு நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வெள்ளி ரதம் இன்றும் ஓடுகிறது. அது வரும் வழியில் சீனர்கள் குவியல் குவியலாகத் தேங்காய் உடைக்கிறார்கள். இவர்களை ஊர்க்காரராக்கியது ஊருக்காக ஏற்ற கடமைகள்: வக்ஃபு, வரி, திருவிழாச் செலவு, சண்டையும் சமாதானமும். அதே கடமைகளை ஏற்கும் லிதுவேனியாக்காரருக்கும் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. 2014இல் ஸக்கரேவிச்சின் தனிக் கண்காட்சியோடு உயிர்பெற்ற பழைய ஹின் பேருந்துக் கூடம், உள்ளூர்க் கலைஞர்கள் காட்சி வைக்கும் இடமாகத் தொடர்வதை அப்படிப்பட்ட பங்களிப்பாகவே எண்ணலாம்.

கடைசியாக, கலைஞர் தரப்பு வாதம் ஒன்று. “பார்ப்பதே என் வேலை, சமூகக் கணக்கு எழுதுவதல்ல. கேப்டன் ராபர்ட் ஸ்மித்தின் ஓவியங்களைப் பாருங்கள், தாம்சனின் படங்களைப் பாருங்கள். அவர்கள் வெறுமனே பார்த்ததால்தானே அந்தக் காலம் இன்று நமக்குத் தெரிகிறது?” இதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனிப் பொறியாளரான ஸ்மித் தீட்டிய பினாங்குக் காட்சிகள் 1821இல் அச்சாகி வந்தன; இன்று அவை வரலாற்று ஆவணம். ஆனால் அந்த ஆவணத்தை வாசிக்க வைத்தது பின்னால் வந்தவர்களின் பொறுமை. பினாங்கைச் சேர்ந்த கூ சல்மா நசுத்தியன் 2014இல் வெளியிட்ட சூலியாக்கள் பற்றிய நூல், பள்ளிவாசலைச் சுற்றிய சில தெருக்களின் 170 ஆண்டுக் கதையை மனிதர்களின் பெயரோடு சொல்கிறது. நிலப் பத்திரத்திலும் வழக்குக் கட்டிலும் உட்கார்ந்து எடுத்த பெயர்களுக்கு ஒரு நொடியில் பிடித்த படம் ஈடாகாது. படம் இல்லாமல் அந்தப் பெயர்களுக்கு முகமும் கிடைக்காது. இரண்டும் வேண்டும். இப்போது ஒன்று மட்டும் குவிந்து கிடக்கிறது.

எனவே பினாங்கில் தங்கி எழுதுகிறவரிடமும் படம் எடுக்கிறவரிடமும் கேட்க வேண்டியது சிறிய காரியம். வரையுங்கள், எடுங்கள், சாப்பிடுங்கள். பிறகு படத்தின் கீழே ஒரு வரி சேருங்கள்: இந்தக் கறியை வைத்தவர் யார், இந்தக் கடைக்கு வாடகை எவ்வளவு ஏறியிருக்கிறது, இந்தப் பூமாலையைக் கட்டியவர் எங்கிருந்து வந்தவர். சொல்ல அவர்களுக்குச் சம்மதம் இருந்தால் பெயரையும் போடுங்கள். ஆர்மீனியன் வீதிச் சுவரில் வெயிலுக்கும் மழைக்கும் வண்ணம் வெளுக்கும், திரும்பப் பூசிக்கொள்ளலாம். தாம்சனின் இருட்டறையில் நின்ற அந்த இரண்டு பேரின் பெயரைக் கேட்டு எழுத அப்போது ஒரு நிமிடம் போதுமாக இருந்தது.