மின்னேற்றிக் கம்பமும் அதைக் கவனிக்கும் கையும்

2024 ஏப்ரல் கடைசியில் டெஸ்லா நிறுவனம் தன் ‘சூப்பர்சார்ஜர்’ பிரிவை ஏறத்தாழ முழுவதுமாகக் கலைத்தது. பிரிவுத் தலைவர் ரெபெக்கா டினுச்சியும் அவருக்குக் கீழே வேலை செய்த சுமார் 500 பேரும் வெளியே அனுப்பப்பட்டார்கள். அமெரிக்காவின் மின்னேற்றி நிலையங்களில் அதிகம் நம்பத்தக்கவை என்று பெயர் வாங்கியவை இவர்கள் கட்டியவைதாம். முந்தைய ஆண்டுதான் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் தங்கள் வண்டிகளை டெஸ்லாவின் நிலையங்களில் சார்ஜ் செய்ய ஒப்பந்தம் போட்டிருந்தன. ஒரு நாட்டின் மோட்டார் தொழில் பெரும்பகுதி அந்த நிலையங்களை நம்பத் தொடங்கிய வேளையில் அவற்றைக் கட்டியவர்களுக்கு வேலை போயிற்று. எலான் மஸ்க் சொன்ன விளக்கம் இது: இருக்கும் நிலையங்களைப் பெரிதாக்குவோம், பழுதின்றி ஓட்டுவோம், புதிய இடங்களுக்கு மட்டும் மெதுவாகப் போவோம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் புதிய இடம் என்பது எது, அங்கே இருப்பவர்கள் யார் என்று கேட்டால்தான் அதன் பொருள் முழுதாகப் புரியும்.

கெடாவில் சுங்கை பட்டாணிக்கும் பீடோங்கிற்கும் இடையே இருக்கும் சுங்கை லாலாங் அப்படிப்பட்ட இடம். மலேசியாவின் மின்னேற்றிகளில் பெரும்பங்கு கிள்ளான் பள்ளத்தாக்கிலும் பினாங்கிலும் ஜொகூரிலும் குவிந்திருக்கிறது. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையின் ஓய்வுத் தளங்களும் பெரிய பேரங்காடிகளும் அடுத்த வரிசை. தோட்டத்தை ஒட்டி வளர்ந்த சிறு பட்டணங்கள் அதற்கும் பின்னால். காரணம் எளிது. நேர்மின்னோட்ட வேகமின்னேற்றி ஒன்றை நிறுவ மின்மாற்றி, தடித்த கேபிள், தெனாகா நேஷனலின் இணைப்பு எல்லாவற்றிற்கும் முன்பணம் போட வேண்டும். கோலாலம்பூரில் ஒரு நாளைக்கு இருபது வண்டி வந்து நின்றால் அந்தப் பணம் திரும்பும். சிறு பட்டணத்தில் இரண்டு மூன்று வண்டிதான் வரும். ஆகவே நிறுவனம் செலவைக் குறைக்க நினைக்கும்போது முதலில் கைவிடுவது இன்னும் தொடங்காத, கூட்டம் குறைந்த இடங்களையே. தலைமையகத்தில் எடுக்கும் ஆட்குறைப்பு முடிவு, எந்த ஊருக்கு மின்னேற்றி வரும், எந்த ஊருக்கு வராது என்பதையும் சேர்த்தே தீர்மானித்துவிடுகிறது. ஆட்குறைப்பை நிறுவனத்தின் உள்விவகாரம் என்று விட்டுவிட முடியாது என்று நான் வாதிடுவது இதனால்தான்.

மின்னேற்றி வலையமைப்பு என்றதும் வரிசையாக நிற்கும் கம்பங்கள் நம் கண்ணில் படுகின்றன. உண்மையில் அது பெரும்பாலும் மனிதர்களின் வேலை. நிலத்துக்காரரோடு குத்தகை பேச ஒருவர் வேண்டும். நகராண்மைக் கழகத்தின் அனுமதி, மின்வாரிய இணைப்பு, எரிசக்தி ஆணையத்தின் உரிமம் என்று கோப்பைத் தூக்கிக்கொண்டு மாதக்கணக்கில் அலைய ஒருவர் வேண்டும். சிமெண்டு ஊற்றும் வேலை சில வாரங்களில் முடியும். காகித வேலைதான் இழுக்கும். நிலையம் திறந்த பிறகோ வேலை ஓய்வதே இல்லை. கேபிளை வண்டி ஏற்றி நசுக்கிவிடும், திரை வெயிலில் மங்கிவிடும், இணையத் தொடர்பு அறுந்து கட்டணம் வாங்க முடியாமல் போகும். 2022-இல் பெர்க்லியின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ரெம்பெலும் குழுவினரும் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் பொது வேகமின்னேற்றி இணைப்புகள் 657-ஐ நேரில் போய்ச் சோதித்தார்கள். வேலை செய்தவை 72.5 விழுக்காடு மட்டுமே. மின்சார வாகனங்களின் தலைநகரம் போன்ற ஓர் இடத்தில், நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்டவை பெயரளவில் நின்றுகொண்டிருந்தன. கம்பம் நட்டதோடு கடமை முடிந்தது என்று நினைத்ததன் விளைவு இது.

500 பேரை அனுப்பிய பிறகும் டெஸ்லாவின் வலையமைப்பு வளரத்தானே செய்தது என்று கேட்பவர்கள் உண்டு. வளர்ந்தது உண்மை. 2023 முடிவில் உலகெங்கும் ஏறத்தாழ 55,000 இணைப்புகள் இருந்தன. 2024 முடிவில் 65,000-ஐத் தாண்டின. ஆனால் இந்த எண்ணை முந்தைய ஆண்டோடு வைத்துப் பார்க்க வேண்டும். 2022 முடிவிலிருந்து 2023 முடிவுக்குள் கூடியவை 12,000-க்கும் மேல். அடுத்த ஆண்டில் கூடியவை 10,000-ஐச் சற்றே தாண்டியவை. தேவை ஏறிக்கொண்டிருந்த காலத்தில் வளர்ச்சி இறங்கியது. அதிலும் பல, ஆட்குறைப்புக்கு முன்பே கையெழுத்தாகி, பள்ளம் தோண்டப்பட்டிருந்தவை. நியூயார்க் நகரில் நான்கு இடங்களுக்கான குத்தகையிலிருந்து நிறுவனம் விலகிக்கொண்டது. ஆட்குறைப்பு நடந்த இரண்டே வாரத்துக்குள், 50 கோடி டாலருக்கும் மேல் செலவிட்டு வலையமைப்பை விரிவாக்குவோம் என்று மஸ்க் அறிவிக்க நேர்ந்ததும், வட அமெரிக்க மின்னேற்றிப் பிரிவின் இயக்குநர் மேக்ஸ் டி செகர் உட்படச் சிலரைத் திரும்ப அழைத்ததும் எதைக் காட்டுகின்றன? அந்த ஆட்கள் தேவையற்றவர்கள் இல்லை என்பதை நிறுவனமே ஒப்புக்கொண்டது. டெஸ்லாவிடம் பணம் இருந்தது, தவற்றைத் திருத்திக்கொண்டது. சிறிய நிறுவனங்களுக்கு அந்த வசதி கிடையாது.

அதற்கு எனெல் எக்ஸ் வே சாட்சி. இத்தாலிய மின்சார நிறுவனமான எனெலின் இந்தக் கிளை, 2024 அக்டோபரில் வட அமெரிக்கத் தொழிலை மூடியது. வீடுகளில் இருந்த மின்னேற்றிகள் வெறும் பிளக்காக மட்டும் ஓடின. வணிக இடங்களில் இருந்தவற்றின் கதை வேறு: அவற்றை இயக்கிய மென்பொருளைக் கவனிக்க ஆள் இல்லாததால், நல்ல நிலையில் இருந்த இயந்திரங்களே முடங்கின. மின்னேற்றி இன்று பாதி மின்பொறி, பாதி கணினி. கணினிப் பாதியைக் கவனிப்பவர் போய்விட்டால் மற்றப் பாதியும் செத்துவிடுகிறது. அதே 2024-இல் சார்ஜ்பாயிண்ட் நிறுவனமும் ஒன்றுக்கு இரண்டு முறை ஆள் குறைத்தது. நட்டத்தில் ஓடும் நிறுவனம் எத்தனை நாள் சம்பளம் கொடுக்க முடியும் என்ற கேள்வி நியாயமானதே. இலாபம் வராத தொழிலை நடத்தும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் பொதுச் சாலை ஓரத்தில், பொது மின்கம்பியிலிருந்து, அரசு உரிமத்தோடு ஓடும் ஒரு சேவையை விட்டுப் போகும்போது, அதை ஓடும் நிலையில் இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போ என்று கேட்கலாம். அதைக் கேட்க அரசுக்கு உரிமை உண்டு.

வீட்டிலேயே சார்ஜ் செய்துகொள்ளலாமே, பொது நிலையம் எதற்கு என்பது இன்னொரு மறுப்பு. சுங்கை லாலாங் தாமான்களில் தரை வீட்டில் இருப்பவருக்கு அன்றாடத் தேவைக்கு அது போதும். இரவில் மாட்டிவிட்டுக் காலையில் எடுத்துக்கொள்ளலாம். அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பவருக்கு அந்த வழி இல்லை. தரை வீட்டுக்காரருக்கும் ஆண்டில் சில நாள் வேறு கணக்கு. கோலாலம்பூரில் வேலை செய்யும் பிள்ளைகள் தீபாவளிக்கு ஊருக்கு வர ஏறத்தாழ 380 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். குளிர்சாதனத்தைப் போட்டு, குடும்பத்தை ஏற்றி, நெடுஞ்சாலை வேகத்தில் வரும்போது பேட்டரி விளம்பரத்தில் சொன்ன தூரத்தைக் கொடுப்பதில்லை. வழியில் உள்ள நிலையத்தில் நான்கில் ஒன்று இறந்துகிடந்தால் மற்ற மூன்றிலும் வரிசை நீளும். நடுத்தரக் குடும்பம் மின்சார வண்டி வாங்கலாமா என்று யோசிக்கும்போது, தினமும் போகும் பத்து கிலோமீட்டரை விட இந்த ஒரு பயணம்தான் முடிவைத் தீர்மானிக்கிறது. 2024 டிசம்பரில் உள்நாட்டு மின்சாரக் காரான புரோட்டோன் இ.மாஸ் 7 வந்த பிறகு இது பணக்காரர்களின் கவலை மட்டும் என்று ஒதுக்க முடியாது.

மலேசியா இந்த விஷயத்தை இதுவரை எண்ணிக்கையாகவே பார்த்துவருகிறது. 2025 முடிவுக்குள் 10,000 பொது மின்னேற்றிகள் என்பது அரசின் இலக்காக இருந்தது. 2024 முடிவில் இருந்தவை 3,600 அளவில். எண்ணிக்கை இலக்கைவிடக் குறைவாக இருப்பதைப் பற்றிப் பேச்சு நடக்கிறது. அவற்றில் இன்று எத்தனை ஓடுகின்றன, பழுதானால் எத்தனை நாளில் சரியாகின்றன என்பதைப் பற்றி அந்த அளவுக்குப் பேச்சு இல்லை. 2025 ஜூனில் பெட்ரோனாஸ் தன் ஊழியரில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினரை, 5,000-க்கும் மேற்பட்டோரைக் குறைப்பதாக அறிவித்தது. நாட்டின் முக்கியமான மின்னேற்றி நிறுவனங்களில் ஒன்றான ஜென்தாரி அதன் பிள்ளை. எண்ணெய் விலை இறங்கும்போது தாய் நிறுவனம் வயிற்றை இறுக்கிக் கட்டினால், இலாபத்துக்கு இன்னும் காத்திருக்கும் பிள்ளைக்கு எவ்வளவு ஊட்டும் என்பது கேட்க வேண்டிய கேள்வி.

கெடாவுக்கு இதில் இன்னொரு பங்கும் இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 8 அன்று கூலிமில் இன்ஃபினியோன் நிறுவனத்தின் சிலிக்கான் கார்பைடு ஆலையைப் பிரதமர் அன்வார் இப்ராகிம் திறந்துவைத்தார். மின்சார வண்டிக்கும் வேகமின்னேற்றிக்கும் தேவையான சில்லுகள் அங்கே உருவாகின்றன. அதற்கு மூன்று நாள் முன்புதான் அதே நிறுவனம் உலகெங்கும் 1,400 வேலைகளைக் குறைப்பதாகவும் இன்னும் 1,400 வேலைகளைச் செலவு குறைந்த நாடுகளுக்கு மாற்றுவதாகவும் சொன்னது. அங்கே போனது இங்கே வரும் என்று நம்மில் சிலர் மகிழலாம். மகிழ்ச்சிக்கு அடித்தளம் உறுதியாக இல்லை. அதே துறையின் அமெரிக்க நிறுவனம் வுல்ஃப்ஸ்பீட் 2025 ஜூனில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போயிற்று. மின்னேற்றி நடும் வேகம் தளர்ந்தால் சில்லுக்கான ஆர்டரும் தளரும். சுங்கை பட்டாணியிலிருந்து கூலிமுக்குத் தொழிற்சாலைப் பேருந்தில் போகும் பிள்ளைகள் வரை அது வந்து சேரும்.

முதலாளி போனால் அவர் நடத்திய வசதியும் சேர்ந்து போகும் என்பதைக் கெடா தமிழர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1950-களில் தோட்டத் துண்டாடல் தொடங்கியபோது வேலை, லயம், தண்ணீர், மருந்தகம் எல்லாம் ஒன்றாகப் பறிபோயின. அதற்கு விடையாகத்தான் 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பிற்பாடு சட்டமும் மெல்ல வந்தது: 1980-இன் ஆட்குறைப்பு உதவித்தொகை விதிகள், 2018 முதல் சொக்சோ நடத்தும் வேலைவாய்ப்புக் காப்புறுதி. இவை வேலை இழந்தவரைத் தாங்குகின்றன, அது பெரிய காரியம். அவர் பார்த்துவந்த சேவையைத் தாங்க இன்னும் ஏற்பாடு இல்லை. பிரிட்டன் 2023-இல் கொண்டுவந்த விதிகள் வழிகாட்டலாம். அங்கே ஒரு நிறுவனத்தின் வேகமின்னேற்றிகள் ஆண்டு சராசரியில் 99 விழுக்காடு நேரம் ஓட வேண்டும், 24 மணி நேர உதவித் தொலைபேசி இருக்க வேண்டும், தவறினால் ஒரு கம்பத்துக்கு 10,000 பவுண்டு வரை அபராதம். இப்படி நெருக்கினால் முதலீட்டாளர் ஓடிவிடுவார் என்று சொல்வார்கள். கவனிக்க ஆள் வைக்க மனமில்லாதவர் கம்பம் நடுவதைக் காட்டிலும் நடாமல் இருப்பதே ஊருக்கு மேல். இடத்தையும் இணைப்பையும் வேறொருவர் எடுத்துக்கொள்வார். நம் எரிசக்தி ஆணையம் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது மூன்றைக் கேட்கலாம். ஒவ்வொரு நிலையமும் ஓடிய நேரத்தை மாதந்தோறும் பொதுவில் வெளியிட வேண்டும். நிறுவனம் மூடினாலும் வேறொருவர் இயக்கக்கூடிய பொது மென்பொருள் முறையில் இயந்திரம் இருக்க வேண்டும். வட்டாரத்துக்கு ஒரு சார்ஜ்மேன், அதாவது தகுதிச் சான்று பெற்ற மின்பணியாளர், இருக்க வேண்டும். கோலாலம்பூரிலிருந்து லாரி வரும்வரை காத்திராமல், பழுது என்றால் அன்றே சுங்கை பட்டாணியிலிருந்து கிளம்பக்கூடியவராக. அப்படிப்பட்ட கைகள் கூலிம் ஆலைகளிலும் தோட்டங்களின் பனையெண்ணெய் ஆலைகளிலும் ஏற்கெனவே இருக்கின்றன.