முன்னாள் படைவீரர்களும் வீட்டு நாய்களும்

போர் முடிந்து வீடு திரும்பும் வீரர் சிலரை வாட்டும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய், வளர்ப்பு நாயுடனான உறவையும் பாதிக்கிறது. வியட்நாம் போருக்குப் பின், 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் இதனைத் தனி நோயாக வகைப்படுத்தியது.

உணர்வு மரத்துப்போவது இதன் அறிகுறிகளுள் ஒன்று. மனைவி மக்களிடம் மனம்விட்டுப் பேச இயலாதவரும் நாயிடம் நெருங்குவதுண்டு. நாய் போரைப் பற்றிக் கேட்பதில்லை அல்லவா! ஆனால், திடீர்க் குரைப்பு அவரைத் திடுக்கிட வைக்கும். கெட்ட கனவில் கைகால்களை உதறும்போது அருகில் படுத்திருக்கும் நாய்க்கு அடிபடவும் கூடும். பயிற்சி பெற்ற உதவி நாயோ அக்கனவிலிருந்து அவரை எழுப்பிவிடும்.

அமெரிக்காவில் ஆகஸ்ட் 2021இல் இயற்றப்பட்ட சட்டம், இந்நோயுள்ள முன்னாள் வீரர்களே உதவி நாய்களைப் பழக்குவதற்கான 5 ஆண்டு முன்னோட்டத் திட்டத்துக்கு வழிசெய்தது. நாயைப் பழக்கப் பொறுமையும் கனிந்த குரலும் வேண்டும், அதட்டல் உதவாது. தாம் பழக்கிய நாயை, மருத்துவரும் இசைந்தால், வீரர் தம் வீட்டுக்கே அழைத்துச் செல்லலாம்.